தானாவிலிருந்து பெட்ராவுக்கு, பின்வாசல் வழியாக

ஜோர்டான் தினாரை முதலில் நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் மற்ற கதை. ஒரு தினாருக்கு 5 திர்ஹத்துக்கு மேல் எண்ணி வைக்கவேண்டும். ஷார்ஜாவில் சம்பளம் வாங்கி, வாடகை கொடுத்து, ஊருக்கு அனுப்பி, மிச்சத்தில் ஊர் சுற்றுகிறவனுக்கு அம்மான் விமான நிலையத்தில் ஒரு காபி வாங்கும்போதே வயிறு கலங்கும். அப்படியும் சொல்கிறேன். தானா கிராமத்திலிருந்து, மலையைக் குடைந்து கட்டிய பழைய நகரமான பெட்ரா வரைக்கும் நடந்துபோகிற அந்த 80 கிலோமீட்டருக்குச் செலவழித்த காசு எதையும் நான் திருப்பிக் கேட்கமாட்டேன். டாக்ஸிக்குக் கொடுத்ததைத் தவிர.

செலவு, வழி, தண்ணீர், தங்குமிடம் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். டாக்ஸிக் கதையை இறக்கி வைக்காமல் கை ஓடமாட்டேன் என்கிறது.

அம்மானின் தெற்குப் பேருந்து நிலையத்தில் தஃபீலா போகும் மினி பஸ்ஸைப் பிடித்தோம். நேரக் கணக்கெல்லாம் கிடையாது, ஆள் நிறைந்தால் கிளம்பும். நடுவழியில் ஒரு பெண் ஏறினால் பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்து இடம் மாற்றி உட்கார்ந்து அவருக்குத் தனி இருக்கை கொடுக்கிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. பஸ்ஸைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. தஃபீலாவில் இறங்கியபோது மதியம் தாண்டிவிட்டது, தானா கிராமம் இன்னும் 25 கிலோமீட்டர் போல. அந்தப் பக்கம் இனி பஸ் இல்லை என்று ஒருவர் சொன்னார். சொன்னவர் டாக்ஸி ஓட்டுநர் என்பதை இங்கே அடிக்கோடிட்டுக்கொள்ளவும்.

என்னோடு வந்தவர் திருநெல்வேலிக்காரர், அலுவலகத்தில் எல்லோருக்கும் அண்ணாச்சி. வளைகுடா அரபி சரளமாகப் பேசுவார். அதைக் கேட்டு ஜோர்டான்காரர்கள் வாய்க்குள் சிரிக்கிறார்கள், அது வேறு விஷயம். அவர் பேரம் பேசி 15 தினாரை 12 ஆக்கினார். தானாவில் இறங்கி 12 தினாரை நீட்டினால், அது தலைக்காம்! இரண்டு பேருக்கு 24. பைகளுக்குத் தனியாக ஒரு தொகை. அண்ணாச்சியின் அரபி அந்த இடத்தில் தூத்துக்குடி ரோட்டுத் தமிழாக மாறிவிட்டது. சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடையிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து, இரண்டு பக்கமும் கேட்டு, எங்களுக்கும் அந்த ஆளுக்கும் சேர்த்தே டீ கொடுத்து, கடைசியில் 17 தினாருக்குப் பஞ்சாயத்தை முடித்துவைத்தார். “தம்பி, அந்த அஞ்சு தினாருக்கு ரெண்டு கிலோ சாளை வாங்கியிருக்கலாம்லா” என்று அண்ணாச்சி இரவு படுக்கும்வரை புலம்பினார். ஆகவே, ஏறுவதற்கு முன்பே எல்லோருக்கும் சேர்த்து, பைகளும் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். கேட்ட தொகையைச் செல்போனில் எண்ணாக அடித்து ஓட்டுநர் கண்ணுக்கு முன்னால் காட்டிவிட்டு ஏறுங்கள்.

சரி, நடைக்கு வருவோம்.

ஜோர்டான் டிரெயில் என்பது வடக்கே உம் கைஸிலிருந்து தெற்கே செங்கடல் கரையில் இருக்கும் அகபா வரை ஏறக்குறைய 675 கிலோமீட்டர் நீளும் நடைவழி. முழுவதும் நடக்க ஒரு மாதத்துக்கு மேல் லீவு வேண்டும். அந்த லீவைக் கொடுக்கிற முதலாளி எனக்கு வாய்க்கவில்லை. எட்டுப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள், அதில் எல்லோரும் முதலில் கை வைப்பது தானா–பெட்ரா. வழக்கமாக நாலைந்து நாளில் முடிகிற நடை. பாதையில் வண்ணக் குறியெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், அங்கொன்று இங்கொன்று இருந்தால் அதிகம். ஜிபிஎஸ் தடத்தை டிரெயில் சங்கமே தன் இணையதளத்தில் இலவசமாகக் கொடுக்கிறது. ஆனாலும் நாங்கள் பெதுவின், அதாவது பாலைவன நாடோடி இனத்து வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொண்டோம். காரணம் வழி தெரியாதது மட்டும் இல்லை, தண்ணீர். முகாமுக்கு முகாம் தண்ணீரும் சாப்பாட்டுச் சாமானும் பிக்கப் வண்டியில் வந்து சேரவேண்டும். இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4, 5 லிட்டர் வீதம் முதுகில் சுமக்கவேண்டியதுதான். வழிகாட்டி, பிக்கப் இரண்டுக்கும் சேர்த்துக் கேட்ட தொகை எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. தங்கிய வீட்டில் ஒரு செக் நாட்டுத் தம்பதியும் இதே கணக்கைப் போட்டுக் கவலைப்பட்டுக்கொண்டிருந்ததால் பிழைத்தோம். நாலாகப் பிரித்தோம்.

தானா கிராமம் பள்ளத்தாக்கின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கும் கல்வீடுகள். பெரும்பாலான குடும்பங்கள் மேலே காதிசிய்யா ஊருக்கு எப்போதோ போய்விட்டன. அங்கே பக்கத்தில் சிமெண்ட் ஆலை வேலை, கரண்ட், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. இடிந்த வீடுகளில் சிலதைச் சரிசெய்து தங்கும் விடுதிகளாக்கி இருக்கிறார்கள். 1989-இல் இந்தப் பள்ளத்தாக்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். 1,500 மீட்டர் உயரத்தில் தொடங்கி வாதி அரபா தாழ்நிலம் வரை இறங்கும் காப்பகம். அந்த இறக்கத்தைத்தான் முதல் நாள் கால்கள் அனுபவிக்கின்றன.

காலையில் குளிர் தாங்காமல் ஜாக்கெட்டோடு இறங்க ஆரம்பித்தோம். வளைந்து வளைந்து கீழே போகப் போக வெளிர் சுண்ணாம்புக்கல் முடிந்து சிவப்பு மணற்கல், அதற்கும் கீழே கருங்கல் என்று மலையே நிறம் மாறுகிறது. தாவரமும் மாறுகிறது. மதியம் வாதிக்குள், அதாவது வறண்ட ஆற்றுத் தடத்துக்குள் நடக்கும்போது சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. கிட்டத்தட்ட 900 மீட்டர் இறக்கம், கால் பெருவிரல் நகங்கள் ஷூவின் முன்பக்கத்தில் இடித்து இடித்துக் கருத்துப்போகும். இறக்கம் சுலபம் என்று சொல்கிறவர்கள் இறங்கிப் பார்க்காதவர்கள்.

அந்த வெயிலில்தான் நீல ஓணானைப் பார்த்தேன். சினாய் அகாமா என்று பெயர். இணை தேடும் காலத்தில் ஆண் மட்டும் நீலமாகிவிடுமாம். ஒரு சிவப்புப் பாறையின் உச்சியில் தலையைத் தூக்கி, முன்னங்கால்களை விறைப்பாக ஊன்றி உட்கார்ந்திருந்தது. தலையும் கழுத்தும் பளீர் நீலம், வால் பக்கம் போகப் போக மங்கல். கிட்டப் போனால் ஓடவில்லை, இரண்டு தண்டால் எடுத்துக் காட்டியது. செக் அம்மா கேமராவை எடுத்து மாற்று லென்ஸ் மாட்டும்வரைகூட இருந்தது. லென்ஸ் மாட்டியதும் போய்விட்டது.

தண்ணீர் கசிகிற இடங்களில் எல்லாம் அரளி, ரோஸ் நிறத்தில் பூத்துக் குலுங்குகிறது. நம் ஊர்த் தோட்டத்துச் செடியை இந்தப் பொட்டல் நடுவே பார்த்ததும் அண்ணாச்சி ஒரு கொத்துப் பறிக்கப் போனார். வழிகாட்டி கையைத் தட்டிவிட்டார். விறகுக்குக்கூட அதைத் தொடக்கூடாது, புகையும் விஷம் என்று விளக்கினார். மனிதர் தேய்ந்துபோன செருப்போடு, உதட்டில் சிகரெட்டோடு ஏற்றத்தில் ஏறுகிறவர். நான் புத்தம்புது மலையேற்ற ஷூவில் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். அந்த ஷூவின் விலையை நினைத்தால் அழுகை வரும்.

பள்ளத்தாக்கு முடியும் இடம் ஃபெய்னான். மின்விளக்குக்குப் பதில் மெழுகுவத்தி ஏற்றிவைக்கும் புகழ்பெற்ற சூழல் விடுதி ஒன்று அங்கே உண்டு. வெளியில் நின்று பார்த்தோம், அழகாக இருந்தது. விலையைப் பார்த்தோம், பெதுவின் கூடாரத்துக்கு நடந்தோம்.

ஃபெய்னானில் சுற்றிப் பார்க்காமல் நேரே கிளம்பிவிடாதீர்கள். தரையில் கிடக்கும் கறுப்புக் கட்டிகள் பாறை என்று நினைத்து மிதித்துக்கொண்டு போவோம். எல்லாம் செம்பு உருக்கிய கசடு. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இங்கே செம்பு வெட்டி உருக்கி இருக்கிறார்கள், ரோமானியர் காலத்தில் தண்டனைக் கைதிகளைக் கொண்டுவந்து சுரங்கத்தில் இறக்கினார்கள். 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவர்களையும் அப்படி அனுப்பினார்கள். கையில் எடுத்த ஒரு கல்லில் பாசி படர்ந்த மாதிரி பச்சை. நகத்தால் சுரண்டினால் போகவில்லை, அது செம்புத் தாது. நிழலில்லாத அந்தச் சரிவில் பாட்டில் தண்ணீரோடு நிற்கவே எனக்குத் தலை சுற்றியது. சங்கிலியோடு வேலை பார்த்தவர்களை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்து ஏற்றம். அதைப் பற்றி எழுதச் சுவாரஸ்யமாக ஒன்றும் இல்லை, ஏறினோம். சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

வழிகாட்டி மாவில் உப்பும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, ஈஸ்ட் எதுவும் இல்லாமல், ஒரு முழ அகல வட்டமாகத் தட்டினார். நெருப்பை ஒதுக்கி, தணல்மேல் மாவை அப்படியே போட்டு, சாம்பலையும் சுடுமணலையும் மேலே மூடிவிட்டார். என்ன அநியாயம் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துத் தோண்டி எடுத்து, குச்சியால் படபடவென்று அடித்தார், சாம்பல் உதிர்ந்தது. அப்புறம் துணியால் ஒரு துடைப்பு. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே கனமான மிருது. பெயர் அர்பூத். கூட, ஆலிவ் எண்ணெயில் பூண்டும் பச்சை மிளகாயும் வதக்கி, தக்காளியைக் குழையவிட்ட கலாயத் பந்தோரா. வாணலியைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒரே பாத்திரத்தில் தொட்டுச் சாப்பிட்டோம். பல்லில் ஒன்றிரண்டு மணல் நெரிபடத்தான் செய்தது. அம்மானில் சாப்பிட்ட விலை உயர்ந்த மன்சஃப் என்ற ஆட்டுக்கறிச் சோற்றைவிட இது பத்து மடங்கு மேல், யார் வேண்டுமானாலும் சண்டைக்கு வரலாம்.

அப்போதுதான் அண்ணாச்சி பையைத் திறந்து இட்லிப் பொடி டப்பாவை எடுத்தார். ஆலிவ் எண்ணெயில் குழைத்து அர்பூத்தில் தடவினால்... அடடா! நல்லெண்ணெய் இல்லையே என்ற குறை எனக்கு ஒரு வாய்க்கு மேல் தோன்றவில்லை. வழிகாட்டி மோந்து பார்த்து, தயங்கி, ஒரு துண்டு தின்று, டப்பாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். மறுநாள் காலை டீக்குக்கூட அவருக்குப் பொடி வேண்டியிருந்தது. அந்த டீயில் சர்க்கரை பாதி, மரமிய்யா என்ற சேஜ் மூலிகை இலை கொஞ்சம். சர்க்கரை வியாதிக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. காபியாக இருந்தால், போதும் என்பதற்குக் குவளையை லேசாக ஆட்டிக் காட்டவேண்டும். ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

மழை அறிகுறி இருந்தால் வாதிக்குள் நடக்கவே நடக்காதீர்கள். எங்கேயோ மலையில் பெய்வது இங்கே சுவராக வந்து இறங்கும். 2018 நவம்பரில் பெட்ராவிலிருந்தே ஆயிரக்கணக்கான பயணிகளை வெள்ளத்துக்குப் பயந்து வெளியேற்றினார்கள். மார்ச், ஏப்ரல், அக்டோபர் நல்ல மாதங்கள் என்பது பொதுக் கணக்கு, அப்போதும் போகவேண்டாம் என்று வழிகாட்டி சொன்னால் போகக்கூடாதுதான்.

கடைசி நாள் சின்ன பெட்ராவிலிருந்து கிளம்பி, பாறை விளிம்பை ஒட்டிய பாதையில் ஏறிப் பின்பக்கமாகப் பெட்ராவுக்குள் நுழைகிறோம். வலதுபுறம் வாதி அரபா முழுக்கப் புழுதி மூட்டத்தில் விரிந்து கிடக்கிறது. நுழைவுச் சீட்டு முன்பே கையில் இருக்கவேண்டும். விசாவையும் பெட்ரா சீட்டையும் சேர்த்துத் தரும் ஜோர்டான் பாஸ் இங்கேதான் லாபம்: விசா 40 தினார், பெட்ரா ஒரு நாள் சீட்டு 50, ஆக 90. பாஸ் 70-இல் தொடங்குகிறது, நாட்டுக்குள் வருவதற்கு முன்பே வாங்கி, குறைந்தது மூன்று இரவு தங்கினால் விசாக் கட்டணம் இல்லை. மிச்சம் 20 தினார். எத்தனை கிலோ சாளை என்பதை அண்ணாச்சி கணக்குப் பார்த்துச் சொன்னார்.

ஒரு திருப்பம் திரும்பியதும் அத்-தெய்ர், அதாவது ‘மடாலயம்’ நிற்கிறது. மலையையே வெட்டிச் செதுக்கிய முகப்பு, 45 மீட்டர் உயரம் இருக்கும். இந்த நகரத்தை உருவாக்கிய பழங்கால அரபு மக்களான நபத்தேயர்கள் மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். “நம்ம கழுகுமலை வெட்டுவான் கோயில் மாதிரியே மேலேருந்து கீழ இறங்கியிருக்கான் பாருங்க” என்றார் அண்ணாச்சி. முன்வாசலில் வருகிறவர்கள் எண்ணூறு படி ஏறி, வழியெல்லாம் கழுதைச் சவாரிக்கு மறுத்து மறுத்துத் தொண்டை வறண்டு இங்கே வந்து விழுகிறார்கள். நாங்கள் மேலிருந்து ராஜா மாதிரி இறங்கினோம்.

கீழே இறங்கினால் சந்தைதான். நினைவுப்பொருள் கடை, ஒட்டகம், கழுதை, காதில் விழுந்துகொண்டே இருக்கும் “ஹேப்பி அவர்” தள்ளுபடிக் கூவல். சீட்டிலேயே குதிரைச் சவாரி சேர்த்தி என்று கூப்பிட்டு ஏற்றுவார்கள், இறங்கும்போது டிப்ஸ் என்று ஒரு தொகை வரும். படங்களில் எல்லோரும் பார்த்திருக்கும் கஸ்னே முகப்பு அழகு, மறுக்கவில்லை. ஆனால் அத்தனை நாள் ஆள் சத்தமே இல்லாமல் நடந்துவந்த காதுக்கு அந்தக் கூட்டம் தாங்கவில்லை. பெட்ராவுக்கு மட்டும் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் திரும்புகிறவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். இது திமிர்தான், இருக்கட்டும்.

பெட்ராவை ஒட்டிய ஊரான வாதி மூசாவில் பெரிய சாலை உணவகங்களைத் தவிர்த்து இரண்டு தெரு மேலே ஏறினால் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் ஃபலாஃபெல் கடைகள் இருக்கின்றன. ஒரு தினாருக்கு ஒரு சாண்ட்விச் கிடைத்தது.

மொத்தச் செலவு விமானம் தவிர்த்து தலைக்கு 300 தினாருக்குள் அடங்கியது, டாக்ஸி உட்பட. அடுத்த பகுதி பெட்ரா–வாதி ரம். அங்கே தண்ணீர் இன்னும் அரிது, பிக்கப் இல்லாமல் ஆகாது. செக் தம்பதிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறோம். நாலு பேர் சேராவிட்டால் வண்டி வாடகை கட்டுப்படியாகாது, அக்டோபரில் லீவு இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.