கலவரத்தின் வேர்கள்

போராட்டத்துக்கு ஒரு கோரிக்கையும், அதைக் கேட்க வேண்டிய தரப்பும், பேச்சுவார்த்தைக்குச் செல்லத்தக்க தலைமையும் உண்டு. கலவரத்தில் பெரும்பாலும் இவை இருப்பதில்லை. வன்முறையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு இரண்டையும் பிரிப்பது போதாது என்றே கருதுகிறேன். 1967இல் அமெரிக்க நகரங்களில் மூண்ட கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் ஆணையம், அவற்றின் பின்னால் திட்டமிட்ட சதி எதுவும் இல்லை என்றும், காவல்துறையின் நடத்தை, வேலையின்மை, மோசமான குடியிருப்பு ஆகியவை குறித்துக் கறுப்பின மக்களிடம் நெடுங்காலமாகத் தேங்கியிருந்த மனக்குறைகளே அடிப்படை என்றும் 1968இல் அறிக்கை அளித்தது. (சதி என்னும் விளக்கம் ஆட்சியாளர்களுக்கு எப்போதுமே வசதியானது.) 1992இல் லாஸ் ஏஞ்சலஸில், கறுப்பினத்தவர் ஒருவரைத் தாக்கிய வழக்கில் காவலர்கள் விடுவிக்கப்பட்ட அன்றே கலவரம் வெடித்தது, ஆனால் சூறையாடப்பட்ட கடைகளில் கணிசமானவை, அத்தீர்ப்போடு தொடர்பே இல்லாத கொரிய வம்சாவளியினருக்குச் சொந்தமானவை.