பாதியில் நின்ற மேடை, நிற்காத பாட்டு
காலையில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணின் போனில் ‘ஆர்கேட்’ பாட்டு ஓடியது. இறங்கும்வரை காதை அங்கேயே வைத்திருந்தேன்.

2019, டெல் அவிவ், ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷன் மேடை. நடனக் குழு கிடையாது. ஒரு பியானோ, தலைக்கு மேலே உருண்டையாய் ஒரு விளக்கு, நெதர்லாந்துப் பாடகர் டங்கன் லாரன்ஸ். அவ்வளவுதான்.

1975-க்குப் பிறகு நெதர்லாந்து ஜெயித்தது அன்றுதான்.

அதனால் அடுத்த போட்டி அவர் நாட்டிலேயே, ராட்டர்டாமில். 2020-இல் கொரோனாவால் ரத்து. 2021-இல் நடந்தபோது அவருக்கே கொரோனா! சொந்த மண்ணில், இறுதிச் சுற்றில் நேரில் பாட முடியவில்லை. பதிவு செய்ததைத்தான் போட்டார்கள். இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

அதே வருஷம்தான் டிக்டாக் வழியாக அந்தப் பாட்டு அமெரிக்காவின் ஹிட் பாட்டுப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100-இல் 30-ஆம் இடம்வரை ஏறியது.

தங்கள் குட்டி வீடியோக்களுக்கு அதை எடுத்துப் போட்ட பிள்ளைகளில் எத்தனை பேருக்கு யூரோவிஷன் தெரிந்திருக்கும்?