212ஆம் பக்கத்து எர்த் பின்

எர்த் பின்னை நறுக்கியவன்தான் கொலைகாரன். நாவலின் 212ஆம் பக்கம் அப்படித்தான் சொன்னது. 1977, லண்டன், பேஸ்மென்ட் கிளப் ஒன்று. பங்க் ராக் இசைக்குழு ஒன்று மேடையேறுகிறது. இரண்டாவது பாட்டில் பாடகன் கிடாரைப் பிடித்தபடியே மைக்கில் உதட்டை வைக்கிறான், விழுகிறான். ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் எர்த் பின் இல்லை. துப்பறிபவர் அந்தப் பிளக்கைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்.

எழுதியவர் சோழவந்தான்காரர். முதல் நாவல். நான் மேடைகளுக்கு மைக்செட் போடுகிறவன் என்பதால், கரண்ட் சமாச்சாரம் சரியா என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொன்னார். நான் பார்த்தேன், சொன்னேன். வேலை அவ்வளவுதான். ஆனால் சொன்னதில் ஒரு வாக்கியம் மட்டும் இன்னும் விடவில்லை.

முதலில் பிளக். நம்மூர் மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் எர்த் பின் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும். செருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும், அதற்காகத்தான் அந்த நீளம். நம் பழைய சாக்கெட்டுகளில் அந்தப் பின் இல்லாமலும் மற்ற இரண்டும் தாராளமாகப் போகும். பிரிட்டன் பிளக் அப்படி இல்லை. தட்டையான மூன்று பின், உள்ளேயே ஒரு ஃபியூஸ். சாக்கெட்டில் ஃபேஸ், நியூட்ரல் துளைகளை உள்ளே ஒரு மூடி அடைத்திருக்கும். எர்த் பின் நுழைந்து தள்ளினால்தான் அது விலகும். எர்த் பின்னை நறுக்கினால் பிளக்கே உள்ளே போகாது. நாவலில் இருந்தது நம்மூர்ப் பிளக்.

"அப்ப எப்படித்தாண்ணே எர்த்தை எடுப்பாங்க?"

பிளக்கின் ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்து, எர்த் வயரை மட்டும் அதன் முனையிலிருந்து விடுவித்துவிட்டு மூடிவிடுவார்கள் என்றேன். புது வயரென்றால் பச்சை மஞ்சள் கோடு போட்டது, பழையதென்றால் வெறும் பச்சை. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. குற்ற நாவலுக்கு இது இன்னும் நல்லதுதானே என்று நானே சேர்த்துச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. உடனே குறித்துக்கொண்டார்.

"அப்ப பிளக்கைத் திறந்து பாக்குற சீன் வைக்கலாம். உள்ள எர்த் வயரு கழண்டு கிடக்கும். அதுதான் தடயம்."

"இல்லம்மா. அது தடயமாகாது. எர்த்தைக் கழட்டுறது எல்லாரும் செய்றதுதான்."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். "எல்லாருமாண்ணே?" என்றார். நான் "ஆமா" என்று சொல்லிவிட்டு ஹம்மைப் பற்றி, ஸ்பீக்கரில் விடாமல் கேட்கும் இரைச்சலைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

ஹம்மைப் பற்றிப் பேசினால் யாரும் கேட்பார்கள். அது எங்கள் தொழிலின் தலைவலி. எல்லா மைக்கின் சத்தத்தையும் கலக்கும் மிக்சர் ஒரு போர்டிலிருந்து கரண்ட் எடுக்கும். அங்கிட்டு முப்பது மீட்டர் தள்ளி மேடையில் ஆம்ப்ளிஃபயர் இன்னொரு போர்டில். இரண்டு இடத்து எர்த்துக்கும் இடையே கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும், சில நூறு மில்லி வோல்ட் போதும். இரண்டையும் ஆடியோ கேபிளின் ஷீல்டு, அதாவது உள் வயரைச் சுற்றியிருக்கும் உலோக உறை, இணைக்கிறது. எர்த்துக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு வளையம் உருவாகி, அதில் கரண்ட் ஓடி, ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று வந்துவிடும். ஒரு பக்கத்து எர்த்தைக் கழற்றினால் வளையம் அறுந்துவிடும். சத்தம் அந்த நொடியே நிற்கும். அதனால்தான் கழற்றுகிறார்கள். யாரையும் கொல்ல அல்ல.

சரியான வழிகள் இல்லாமலில்லை. மிக்சருக்கும் மேடைக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுக்கலாம். நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் என்ற சிக்னல் கடத்தும் சின்னப் பெட்டியைப் போட்டு, அதிலிருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டலாம். அது ஆடியோ ஷீல்டைத்தான் அறுக்கும், கரண்ட் எர்த்தைத் தொடாது. பாலன்ஸ்டு கேபிளில் ஒரு முனையில் மட்டும் ஷீல்டு சேரும் ஒன்றாம் பின்னை இணைக்காமல் விட்டுவிடலாம். வளையம் அறுபட வேண்டிய இடம் சிக்னல் பக்கம்தான், கரண்ட் பக்கம் இல்லவே இல்லை. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளப் படிப்பு எதுவும் வேண்டாம். தெரிந்தும் கழற்றுகிறார்கள், ஏனென்றால் டி.ஐ. பாக்ஸ் கடையில் இருக்கிறது, ஸ்க்ரூ டிரைவர் கையில் இருக்கிறது, விழாக் குழுத் தலைவர் மைக்குக்கு முன்னால் நிற்கிறார்.

இதை எழுதும்போதே நியாயம் பேசுகிறேனோ என்று தோன்றுகிறது. இருந்தாலும் மேலூர்ப் பக்கம் சித்திரையில் திருவிழா மேடை போட்டவர்களுக்கு நான் சொல்வது தெரியும். மண் காய்ந்து கிடக்கும். எர்த் ராடை அடித்தாலும் பிடிப்பு இருக்காது. உப்பும் தண்ணீரும் ஊற்றி, மறுபடி ஊற்றி, நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜெனரேட்டரின் நியூட்ரலையும் பாடியையும் ராடோடு சேர்த்துக் கட்டியிருக்கிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். அது இல்லாவிட்டால், கசிவு கண்டதும் தானே விழுந்து கரண்ட்டை அறுக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருந்தும் நம்பியபடி விழாது. இருக்கும் ஆர்.சி.சி.பி.யும் பழைய ஆம்ப்ளிஃபயரின் சின்னக் கசிவுக்கெல்லாம் விழுந்து நிகழ்ச்சியைக் கெடுக்கிறதென்று அதைத் தாண்டி வயர் கொடுத்துவிடுவார்கள்.

நாவலுக்கு வருகிறேன். சாவு நடக்கும் விதத்தை அவர் சரியாகவே எழுதியிருந்தார். எலக்ட்ரிக் கிடாரில் கம்பிகள், அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாகக் கேபிள் ஷீல்டோடு இணைந்திருக்கும். ஷீல்டு போய் ஆம்ப்ளிஃபயரின் இரும்புச் சட்டத்தில் சேரும். சட்டம் எர்த்தில் இருக்க வேண்டும். உள்ளே கரண்ட் வயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் தேய்ந்து வயர் உரசினாலோ, டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு கெட்டாலோ சட்டத்தில் ஃபேஸ் ஏறும். எர்த் இருந்தால் அந்த நொடியே ஃபியூஸ் போய்விடும். இல்லையென்றால் ஃபியூஸ் சும்மா இருக்கும், 240 வோல்ட்டும் கிடார்க் கம்பியில் காத்திருக்கும். கிடாரை மட்டும் தொட்டுக்கொண்டிருப்பவனுக்கு ஒன்றுமே தெரியாமலும் போகலாம். மைக்கின் வலை மிக்சர் வழியாக நல்ல எர்த்தில் இருக்கிறது. உதடு அதைத் தொடும்போது கைக்கும் வாய்க்கும் நடுவே நெஞ்சு.

"ஃபியூஸ் ஏண்ணே காப்பாத்தல?" என்றார். பிளக்கில் இருப்பது 3 ஆம்பியரோ 13 ஆம்பியரோ. மனிதனுக்கு ஒரு மில்லி ஆம்பியரில் சுருக்கென்று தெரியும். பத்தைத் தாண்டினால் பிடித்த கை விடாது. ஐம்பது, நூறு மில்லி ஆம்பியரில் இதயம் தாளம் தப்பும். உடம்பு நனைந்து எதிர்ப்பு ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கினால் 240 வோல்ட்டில் ஓடுவது 240 மில்லி ஆம்பியர், அதாவது கால் ஆம்பியர்கூட இல்லை. ஃபியூஸ் காப்பது வயரை.

நனைவதற்கு பங்க் மேடையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கூரை தாழ்ந்த பேஸ்மென்ட், வியர்வை, மேடைமேல் வீசும் பியர். அதோடு அந்நாளில் லண்டன் ரசிகர்கள் பாராட்டாகவே மேடையை நோக்கித் துப்புவார்கள். மைக் வலையெல்லாம் எச்சில். இதை அவர் நன்றாகப் பயன்படுத்தியிருந்தார். அடுத்தவர் சாமானை இரவல் வாங்கி வாசிப்பதும் அங்கே சாதாரணம், அதனால் எந்த ஆம்ப்ளிஃபயரை யார் எப்போது திறந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. துப்பறியும் கதைக்கு அது பெரிய வசதி. இந்தப் பகுதியில் நான் திருத்தியது ஒரு கிடார் சோலோவைத்தான். ஐந்து நிமிடப் பாட்டில் இரண்டு நிமிடம் சோலோ. ரமோன்ஸ் என்ற பங்க் குழுவின் 1976 முதல் ஆல்பத்தில் 14 பாட்டும் சேர்ந்தே அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த வேகத்தில் வந்தவர்கள் சோலோவுக்கு நிற்க மாட்டார்கள்.

இது கற்பனை மிரட்டலா என்றும் கேட்டார். இல்லை. ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி 1972 மே 3 அன்று வேல்ஸில் ஸ்வான்சீ நகர மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் 1976 மே மாதம் வீட்டில் கிடார் வாசிக்கும்போது இறந்தார், அதற்கும் எர்த் கோளாறுதான். இரண்டும் கொலை அல்ல.

இங்கேதான் வந்து நிற்கிறேன். கொலை அல்ல என்று நான் சொன்னதும் அவர் கேட்டார்: "எல்லாரும் செய்றதுன்னா, கொலைகாரன்னு யாரைண்ணே காட்டுறது?"

நான் சொன்ன பதில்: "கழட்டுனவன விடும்மா. சட்டத்துல கரண்ட் இருக்குன்னு தெரிஞ்சும் சொல்லாம இருந்தவனப் புடி."

நாவலுக்காகச் சொன்னேன். கதைக்கு அது நல்ல யோசனைதான், இப்போதும் அப்படியே நினைக்கிறேன். எர்த்தை எடுப்பது பொது வழக்கமாகிவிட்ட இடத்தில் யார் எடுத்தது என்பதில் மர்மம் இல்லை. யாருக்குத் தெரியும் என்பதில் இருக்கிறது. மைக்கில் உதடு சுரீரென்கிறது என்று ஒத்திகையில் பாடகன் சொன்னபோது யார் பக்கத்தில் நின்றது, யார் மைக்கில் ஸ்பாஞ்ச் மாட்டிவிட்டு 'இப்பப் பாடு' என்றது. அவர் அப்படியே மாற்றி எழுதினார். பழைய முடிவைவிட இது வலுவாக இருக்கிறது. ஸ்பாஞ்ச் மாட்டுவது எங்கள் பக்கத்தில் தினமும் நடப்பது. ஸ்பாஞ்ச் எச்சிலில் நனைகிற வரைக்கும்தான் அது காக்கும்.

தெரிந்துகொள்வது எவ்வளவு சுலபம் என்பதுதான் வேதனை. டெஸ்டரை நம்பாதீர்கள். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முள்ளைக் கிடார்க் கம்பியிலும் மற்றதை மைக் வலையிலும் வையுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் என்றால் நிம்மதி. நூறு, நூற்றுப் பத்து காட்டினால் பெரும்பாலும் லேப்டாப் அடாப்டர் மாதிரியான ஒன்றின் கசிவு. ஒரு சின்ன குண்டு பல்பை இணையாகப் போட்டுப் பார்த்தால் அந்த வோல்டேஜ் படுத்துவிடும். அதற்கும் எர்த்தைச் சரி செய்யத்தான் வேண்டும். பல்பு எரிந்தால் மெயினை அணைத்துவிட்டு எல்லாரையும் மேடையை விட்டு இறக்குங்கள். இதற்கெல்லாம் இரண்டு நிமிடம் போதும். ஒரு மேடைக்கு ஒரு தடவை.

இரண்டு நிமிடம் போதும் என்று எழுதிவிட்டேன். மேலே திருவிழாவையும் தலைவரையும் காரணம் காட்டியதும் நான்தான். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒட்ட வைக்கப் பார்த்தேன், வரவில்லை. தொழிலில் இருப்பவர்கள் என்மேல் கோபப்படலாம், எல்லாரும் என்று எப்படிச் சொல்லலாம் என்று. உண்மைதான், ஒருநாளும் எர்த்தைத் தொடாதவர்கள் இருக்கிறார்கள். மதுரையிலேயே எனக்குத் தெரியும். அப்படியிருக்க, அவரிடம் ஏன் எல்லாரும் என்றேன்? எல்லாரும் என்று சொன்னால் தனியாக யாரும் இல்லை என்றாகிவிடும். அதற்காகத்தானோ? இல்லை, ஒரு முதல் நாவல் தப்பான தடயத்தோடு அச்சுக்குப் போகக் கூடாது என்ற அக்கறையில் வந்த வார்த்தைதானா? இரண்டாவதுதான் என்று பகலில் தோன்றுகிறது.

திருத்திய அத்தியாயத்தில் சாமான் தூக்கும் ஆள் போலீஸிடம் சொல்கிறான்: 'எர்த்தைக் கழட்டுறது எல்லாரும் செய்றதுதான்.' ஒரு எழுத்து மாறவில்லை. வெட்டச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. தொழில்நுட்ப ரீதியில் அதில் பிழையும் இல்லை. நன்றி பக்கத்தில் என் பெயரைப் போடட்டுமா என்று கேட்டிருந்தார், வேண்டாம் என்றுவிட்டேன்.

நேற்று கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டு அனுப்பியிருக்கிறார். லண்டன் ஹம் எந்தச் சுருதியில் இருக்கும், அமெரிக்காவில் மாதிரியா? அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், அது மேற்கத்திய சுரங்களில் பி-க்கும் ஏ ஷார்ப்புக்கும் நடுவே விழும். லண்டனில் 50, ஜி-க்குக் கொஞ்சம் மேலே. மதுரையிலும் 50தான். இங்கே கேட்பதை அப்படியே எழுதலாம். அதுவரை பதில் சுலபம். எர்த்தைக் கழற்றியதும் அந்தச் சத்தம் நிற்கிற நொடியில் மேடையில் இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்றும் கேட்டிருக்கிறார். நிம்மதியாக இருக்கும் என்று எழுதினேன். இன்னும் அனுப்பவில்லை.