முடி ஏன் வெள்ளியாகிறது: ரேப்27ஏ

செல்லுக்குள் பைகளின் போக்குவரத்தை நடத்தும் ரேப் புரதங்களைக் கல்லூரியில் படித்தவர்களுக்கு ஒரே படம்தான் ஞாபகம் இருக்கும். ஜிடிபி என்ற சிறு மூலக்கூறைப் பிடித்திருந்தால் சுவிட்ச் ஆன், அதில் ஒரு பாஸ்பேட் கழன்றால் ஆஃப், சுற்றி நாலு அம்புக்குறி. படம் சரிதான், ஆனால் இந்தப் புரதம் இல்லாவிட்டால் உடம்பில் என்ன ஆகும் என்பது அதில் எங்கேயும் இல்லை. என்னைக் கேட்டால் ரேப்27ஏ-வில் இருந்துதான் பாடத்தையே ஆரம்பிக்க வேண்டும்.

மனிதர்களிடம் 60-க்கும் மேற்பட்ட ரேப்கள் உண்டு, ஒவ்வொன்றும் செல்லுக்குள் தனக்கென்று உள்ள சவ்வில் போய் உட்காரும். 27ஏ, நிறமிச் செல்களில், மெலனின் என்ற நிறமி நிரம்பிய மெலனோசோம் பைகளின் மேல் உட்காருகிறது. ஆன் ஆனதும் மெலனோபிலின் என்ற புரதத்தைப் பிடிக்கும், அது மயோசின்-5ஏ என்ற மோட்டாரைப் பிடிக்கும், மோட்டார் செல்லின் சட்டகமான ஆக்டின் இழைகளைப் பற்றிக்கொண்டு பையைச் செல்லின் ஓரத்திலேயே நிறுத்தி வைக்கும். பக்கத்துச் செல்களுக்கு நிறமி போவது அங்கிருந்துதான்.

அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் இந்த ஜீன் பழுதாக வந்த குழந்தையின் உடம்பில் மெலனின் உற்பத்தியாகத்தான் செய்கிறது, ஆனால் செல்லின் நடுவிலேயே குவிந்து கிடக்கிறது. முடி, புருவம், இமை எல்லாம் வெள்ளி கலந்த சாம்பல் நிறம். இதுதான் இரண்டாம் வகை கிரிசெல்லி நோய். காரணம் ரேப்27ஏ என்று 2000-ல் கண்டுபிடித்தார்கள்.

முடியோடு போயிருந்தால் பரவாயில்லை. வைரஸ் புகுந்த செல்லைக் கொல்லும் நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களும் தங்கள் நச்சுப் பைகளை வெளியே கொட்ட இதே ரேப்27ஏ-வைத்தான் நம்பியிருக்கின்றன. அது இல்லாதபோது டி செல் எதிரியை அடையாளம் காண்கிறது, போய் ஒட்டுகிறது, ஆனால் கொல்ல முடிவதில்லை. எதிரி சாகாததால் அது மற்ற நோய் எதிர்ப்புச் செல்களை உசுப்பும் சைட்டோகைன்களை ஓயாமல் சுரந்துகொண்டே இருக்க, கிருமிகளை விழுங்கும் செல்களான மேக்ரோபேஜ்கள் அதில் வெறிபிடித்து சொந்த ரத்தச் செல்களையே விழுங்க ஆரம்பிக்கின்றன. சிகிச்சை இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. எலும்பு மஜ்ஜை மாற்றினால் டி செல்கள் சரியாகிவிடும். நிறமிச் செல்கள் மஜ்ஜையிலிருந்து வருவதில்லை, அதனால் முடி அப்படியே இருக்கும்.

அப்புறம், மெலனோபிலின் மட்டும் பழுதானால் வருவது மூன்றாம் வகை கிரிசெல்லி: நிறம்தான் மாறும், நோய் எதிர்ப்பு நன்றாகவே இருக்கும். டி செல்லில் ரேப்27ஏ பிடிக்கும் கூட்டாளி வேறு, மன்க்13-4. அது பழுதான குழந்தைக்கு அதே ரத்தச் சிக்கல் வரும், ஆனால் முடியின் நிறம் மாறாது, அதனால் தலையைப் பார்த்துச் சந்தேகப்பட வழியே இல்லை.