ஆயாவின் போட்டோவைச் சரிசெய்த கதை

ஆயாவின் (அம்மாவைப் பெற்றவர்) வருஷ திதிக்குள் போட்டோவுக்குச் சட்டம் போட வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார். இருந்ததோ ஒரே படம். 1984 ஆடிப்பெருக்கு அன்று ஒகேனக்கல்லில், கவிழ்த்துப் போட்ட பரிசல் பக்கத்தில் தாத்தாவோடு நிற்பது. நடுவில் மடிப்பு, அங்கங்கே பூஞ்சை, மொத்தமும் சிவந்துபோயிருந்தது. தருமபுரியில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். வாங்கி வந்ததைப் பார்த்து, "இது யாருடி?" என்றார் அம்மா. முகம் மெழுகு பொம்மை மாதிரி. தாடையில் குத்தியிருந்த பச்சையைக் கறை என்று நினைத்து அழித்திருந்தார்கள்.

சரி, நாமே செய்வோம் என்று உட்கார்ந்தேன். லேப்டாப்பில் கிம்ப் இருந்தது. படம் திருத்தும் இலவச மென்பொருள்தான், இந்த வேலைக்குத் தாராளம்.

4க்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600 பிக்சல் வரும். 8க்கு 12 பிரிண்டுக்கு அது போதும். ஸ்கேனர் கண்ணாடியை முதலில் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தூசியையும் அப்புறம் மவுசால் பொறுக்க வேண்டும்.

பீரோ இருட்டில் கிடந்த பழைய கலர் படங்களில் பெரும்பாலும் சியான் என்ற நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் வெளுக்கும், அதனால்தான் படம் சிவக்கிறது. நிற அளவை மாற்றும் லெவல்ஸில் சிவப்பு சேனலை, அதாவது படத்தின் சிவப்புப் பங்கை, மட்டும் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். தாத்தாவின் வேட்டி வெள்ளையானதும் நிறுத்திவிட்டேன்.

மடிப்புதான் படுத்தி எடுத்தது. படத்தின் மேலே கண்ணாடித் தாள் மாதிரி ஒரு காலி லேயர் போட்டு, கீழே உள்ள படத்திலிருந்தும் எடுத்துக்கொள்ள 'சாம்பிள் மெர்ஜ்டு' டிக் செய்து, திருத்தம் எல்லாவற்றையும் அதில்தான் வைத்தேன். பாறையிலும் தண்ணீரிலும் பக்கத்து நிறத்தோடு கலந்து ஒட்டும் ஹீல் கருவி அருமையாக வேலை செய்தது. பரிசலின் விளிம்புக்கு வந்ததும் கருப்பை இழுத்து ஈஷிவிட்டது. அங்கெல்லாம் ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டும் குளோன்தான் சரி. அதே விளிம்பில் நல்ல இடமாகப் பார்த்து, கண்ட்ரோல் அழுத்திக் கிளிக் செய்து, வளைவு பிசகாமல் ஒட்ட வேண்டும். விரலளவு இடத்துக்கு ஒரு ராத்திரி போனது.

முகத்தில் மடிப்பு ஓடிய இடத்தை மட்டும் தொட்டேன். கண்ணோரச் சுருக்கம், மூக்குத்தியின் மினுக்கம், தாடைப் பச்சை எதிலும் கை வைக்கவில்லை. தோலை மழமழப்பாக்கும் பில்டர் பக்கமே போகவில்லை.

பிரிண்டுக்கு முன்னால் திரையில் அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "ஆயாவுக்குப் பச்சை மூணு புள்ளிதான். இதுல நாலு இருக்கு."

பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று புள்ளிகள் தோலோடு கலந்து மங்கலாக இருந்தன. நாலாவதற்கு மட்டும் விளிம்பு கூர்மை. பூஞ்சை! கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்திருந்ததால் லேயர் அப்படியே இருந்தது. ஹீல் கருவியால் ஒரே தொடல், போய்விட்டது. "இப்பதான் இது எங்க அம்மா" என்றார்.