போடிமெட்டுக்கு மேலே மழை

ஜூலை 17, போடி

நாளை மூணாறு கிளம்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை தங்கை மகளுக்கு ஞானஸ்நானம். பேத்திக்கு எடுத்த வெள்ளைக் கவுனை அம்மா எடுத்துப் பார்ப்பதும் மடித்து வைப்பதுமாக இருக்கிறார்கள்.

இங்கே வானம் சுத்தமாக இருக்கிறது. ஆடி பிறந்ததும் காற்று புழுதியை வாரி அடிக்கிறது, ஒரு சொட்டு மழை இல்லை. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும், நமக்கு வருவது காற்றுதான். அதனால் போடி வானத்தைப் பார்த்து இடுக்கிப் பயணத்தை முடிவு செய்யவே கூடாது. செய்தியில் இடுக்கிக்கு ஆரஞ்சு அலர்ட். 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை பெய்யலாம் என்று கணக்கு. அதைத் தாண்டினால் ரெட். இவர் ஏலத்தோட்டத்து ஆட்களுக்குப் போன் போட்டுக் கேட்டார். பூப்பாறை வரை பாதை சரி, அதற்கு மேல் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்களாம்.

ராத்திரி ஜெபத்தில் அம்மா 91-ஆம் சங்கீதம் வாசித்தார்கள். எங்கள் வீட்டில் பயணத்துக்கு முந்தின இரவு அதுதான், இல்லையென்றால் 121.

ஜூலை 18, பூப்பாறை

முந்தல் வரைக்கும் வெயில். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் மேகம் ரோட்டிலேயே இறங்கிவிட்டது. போடிமெட்டு சோதனைச்சாவடி பக்கத்தில் போன பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கிருந்து மழை என்றால் அப்படி ஒரு மழை. இவர் இரண்டாம் கியரை விட்டு மாற்றவே இல்லை. ஒரு இடத்தில் சாலையோர வெட்டிலிருந்து சிவப்புத் தண்ணீர் கல்லும் மண்ணுமாக இறங்கிக்கொண்டிருந்தது. தெளிவாக ஓடுகிற ஓடை திடீரென்று கலங்கினாலும், மழை விடாமல் பெய்யும்போதே தண்ணீர் குறைந்தாலும் மேலே மலை அசைகிறது என்று அர்த்தம். அந்த மாதிரி இடத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கக் கூடாது.

பூப்பாறையில் போலீஸ் எல்லா வண்டியையும் நிறுத்திவிட்டார்கள். மூணாறுக்குப் போகிற கேப் ரோட்டில் மண் சரிந்திருக்கிறது, இன்றைக்குத் தேவிகுளம் பக்கம் போக முடியாது. சாலையை அகலப்படுத்தியபோது 2019, 2020-ல் பெரிய சரிவுகளைப் பார்த்த பாதை அது. யாரும் வாக்குவாதம் செய்யவில்லை.

இவரிடம் ஏலக்காய் போடுகிற மலையாளி ஒருவர் வீட்டில் இறங்கியிருக்கிறோம். முன்பின் எங்களைப் பார்த்திராத குடும்பம். சாமி படங்களுக்கு விளக்கேற்றுகிற வீடு. நனைந்த துணியெல்லாம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் காய்கிறது. அந்த வீட்டுப் பாட்டி அம்மாவை அடுப்புப் பக்கத்திலேயே உட்காரவைத்து, கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்கு, வேகவைத்து, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் கட்டன் சாயாவும் கொடுத்தார்கள். வேதத்தில், கப்பல் உடைந்து அப்போஸ்தலன் பவுல் கரையேறிய மெலித்தா தீவு நினைவுக்கு வந்தது. மழைக்காகவும் குளிருக்காகவும் நெருப்பு மூட்டி எல்லாரையும் சேர்த்துக்கொண்டவர்கள் அங்கே சுவிசேஷமே கேட்டிராத ஜனங்கள். அவர்கள் பாராட்டின அன்பு கொஞ்சமல்ல என்று லூக்கா எழுதி வைத்திருக்கிறார். நானும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 19, பூப்பாறை

ரெட் அலர்ட். ராத்திரி மலைப்பாதையில் வண்டி ஓட்டத் தடை.

காலையில் மூணாறிலிருந்து சித்தப்பா போன். ராஜகுமாரி, குஞ்சித்தண்ணி வழியாகச் சுற்றி வந்துவிடலாமே, தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன் என்று கர்த்தர் சொல்லவில்லையா, விசுவாசம் எங்கே போச்சு என்றார். பெரியவர், பாசத்தில் சொல்கிறார். ஆனால் அந்தப் பாதையிலும் மரங்கள் விழுந்து கிடக்கின்றன. அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முடியாது சித்தப்பா என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் நாள் முழுக்க இதுதான் மனதில் ஓடியது. அம்மா வாசித்த அதே 91-ஆம் சங்கீதத்தைத்தான் பிசாசானவன் தேவாலயத்து உப்பரிகையில் நின்று இயேசுவிடம் எடுத்துச் சொன்னான். தூதர்கள் தாங்குவார்கள், கீழே குதியும் என்று. வசனம் உண்மையான வசனம்தான். குதிப்பதற்கு அதைக் காரணம் காட்டியதுதான் தப்பு. தேவனைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று ஆண்டவர் மறுத்துவிட்டார். தூதர்கள் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லாமலா?

அப்போஸ்தலர் 27-ஐ மறுபடி வாசித்தேன். உபவாச நாள் கழிந்துவிட்டது, இனிமேல் கடல் பயணம் ஆபத்து, போக வேண்டாம் என்று எச்சரித்தவர் பவுல். மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பியவன் நூற்றுக்கு அதிபதியான ரோமப் படை அதிகாரி. தென்றல் மெதுவாக அடித்ததும் நினைத்தது கைகூடியது என்று நங்கூரம் தூக்கிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் யூரோக்கிலிதோன் என்ற கடுங்காற்று. பல நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. போடி வானம் எங்களுக்குக் காட்டியதும் அந்தத் தென்றல் மாதிரிதான்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது பின்னால் நடந்தது. ஒருவருக்கும் பிராணச்சேதம் வராது என்று தேவதூதன் சொல்லிவிட்டான். பவுல் அதை நம்பினார். நம்பின அதே மனிதர்தான், படகை இறக்கி நழுவப் பார்த்த கப்பலாட்களைப் பார்த்து, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்றார். பதினாலு நாள் பட்டினி கிடந்தவர்களைச் சாப்பிடச் சொல்லி, எல்லார் முன்பாகவும் அப்பத்தைப் பிட்டு ஸ்தோத்திரம் செய்தார். 276 பேரும் கரை சேர்ந்தார்கள், சரக்கும் கப்பலும் போனது போனதுதான். விசுவாசிக்கு முன்ஜாக்கிரதை எதற்கு என்று கேட்கிறவர்கள் இந்த ஒரு அதிகாரத்தைப் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

அம்மாவின் பிரஷர் மாத்திரை ஒரு வாரத்துக்குக் கையில் இருக்கிறது. டார்ச், பவர் பேங்க், போர்வை, சில்லறைப் பணம் எல்லாம் இருக்கிறது. கரண்ட் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

தங்கை கேட்டாள், தள்ளி வைக்கட்டுமா அக்கா என்று. மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் வந்துவிட்டார்கள், நடத்து என்று அம்மாவே சொன்னார்கள். வீடியோ காலில் ஆலயத்துக் கருங்கல் சுவர் தெரிந்தது, ஆயர் குழந்தையைக் கையில் வாங்கியது தெரிந்தது. அதோடு சிக்னல் போய்விட்டது. அம்மா அழுதார்கள். நான் வசனம் எதுவும் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

வீட்டு ஜெபத்தில் மழை நிற்க வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. இந்த மழை இல்லாமல் ஏலம் காய்க்காது, எங்களுக்குச் சோறு போடுகிறவர் மழைக்காகத்தான் காத்திருந்தார். பாதையில் இருக்கிறவர்களைக் காத்தருளும் என்று கேட்டோம். போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் தினமும் ஜீப்பில் மேலே வருகிற பெண்களுக்காக அம்மா தனியாக ஜெபித்தார்கள். வராவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. காத்திருக்கலாம் என்று முடிவு செய்ய எங்களுக்கு முடிந்தது, அவர்களுக்கு அந்த வசதி இல்லை. அலர்ட் நாளில் தோட்டம் அரைக்கூலியாவது கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டும். இதைச் சபையும் எடுத்துப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெட்டிமுடியையும் நினைத்துக்கொண்டோம். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, ராஜமலைப் பக்கத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், நிறையப் பேருக்குப் பூர்வீகம் கயத்தாறு. கரண்டும் சிக்னலும் இல்லாமல், விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. அவர்களிலும் ஜெபித்துப் படுத்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆகவே நாங்கள் பத்திரமாக இருப்பதை எங்கள் விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசு என்று ஒருநாளும் சாட்சி சொல்ல மாட்டேன்.

ஜூலை 21, மூணாறு

பத்து மணிக்கு ஒரு பக்கமாக வண்டி விட்டார்கள். ஜேசிபி இன்னும் மண் அள்ளிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் நிற்காமல் வந்துவிட்டோம். பூப்பாறைப் பாட்டி காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். தீபாவளிக்குக் குடும்பத்தோடு போடிக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.

அம்மா குழந்தையைக் கீழே விடவில்லை. சித்தப்பாவும் வந்திருந்தார், பாதையைப் பற்றிக் கேட்டுக்கொண்டார், வேறெதுவும் பேசவில்லை. வியாழக்கிழமை திரும்புகிறோம். கேப் ரோடு மறுபடி அடைத்தால் இன்னும் ரெண்டு நாள் இங்கேயே இருப்போம் என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன். திறந்திருந்தால் காலை எட்டு மணிக்குக் கிளம்பி, பூப்பாறையில் விசாரித்துக்கொண்டு, போடிமெட்டோ நெடுங்கண்டம் போய்க் கம்பம்மெட்டோ, எது சரியாக இருக்கிறதோ அதில் மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும்.