நான்கரை முனை நட்சத்திரம்

டிசம்பர் 23 அன்று எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்கப் போனது என் தவறுதான். இரண்டரை மணி நேர நெரிசலில் மகனுக்கு ஒரு சட்டை, அத்தைக்கு ஒரு புடவை; எனக்கு ஒன்றுமில்லை.

மாடியில் கட்டிய காகித நட்சத்திரத்தின் ஒரு முனையை ராயபுரத்துக் கடற்காற்று கிழித்துவிட்டது. மகன் சோற்றுப் பருக்கை தடவி ஒட்டியிருக்கிறான்.

இன்று அச்சு முறுக்கு. காய்ந்த எண்ணெயில் அச்சு நன்றாகச் சூடேற வேண்டும். மாவில் முக்கால் பாகம்தான் நனைய வேண்டும், முழுக்க மூழ்கினால் முறுக்கு கழன்று விழாது. பதினைந்து வருடமாக இதைச் சொல்லும் அத்தையே இன்று முழுக்க முக்கிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

எதிர்வீட்டு பாய்க்கு முதல் தட்டு போக வேண்டும். ரம்ஜானுக்கு பிரியாணி வந்த தூக்குவாளி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.